எண்ணம்மா கட்டிய ரேடியோ

எண்ணம்மா என்பது அவளுடைய பெயர் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அவளுக்கு வேலை. கருகிப்போன மின்விசிறிகளும் தண்ணீர் மோட்டார்களும் அங்கே வரும். உள்ளே இருக்கும் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறிப் பழையபடி கருகும். இருநூற்றுச் சொச்சத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது வந்து "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்றால் அத்தனையும் காற்றில் போய்விடும். அவள் தலை நிமிராமல் "எண்ணணும்மா" என்பாள். கடையில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து அவளை எண்ணம்மா ஆக்கிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அதுதான் பெயர்.

அவளுடைய கணவர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். காற்றை அளப்பது, மழையை அளப்பது, அளந்ததை நோட்டில் குறிப்பது. இப்படிப்பட்ட வேலைக்கு வாய் தேவையில்லை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாரோ என்று தோன்றும். அவர் வீட்டில் ஒரு வாரம் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் இருக்கும். மேலதிகாரி ஓய்வு பெற்ற நாளில் இவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தார், தண்ணீர் குடித்தார், "நல்லா இருங்க" என்றார், உட்கார்ந்துவிட்டார். சரியாக இரண்டே வார்த்தை.

மகன் பேசாததையெல்லாம் அவருடைய அம்மா சேர்த்துப் பேசினார். எழுபது வயது, சர்க்கரை வியாதி, கணீரென்ற குரல். அந்த இரண்டு அறை வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான். குழந்தை இல்லை. அதைப் பற்றி மாமியார் ஒரு காலத்தில் நிறையப் பேசி, பிறகு ஒரு நாள் தானாகவே நிறுத்திக்கொண்டார். அதற்காக எண்ணம்மா அவருக்கு மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள். வெளியே சொன்னதில்லை.

கல்யாணமாகிப் பதினான்காம் வருஷம் கணவருக்கு மாற்றல் வந்தது. கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு வானிலை நிலையமும் நான்கு ஆட்களும். பதினெட்டு மாதம். தொலைபேசி கிடையாது. மாதம் ஒருமுறை சாமான் ஏற்றிப் போகும் படகில் தபாலும் போகும், வரும்.

முதல் கடிதத்தில் நான்கு வரி இருந்தது. நலம். காற்று அதிகம். அம்மா மாத்திரை வேளைக்குப் போடவும். மீன் சலித்துவிட்டது.

இரண்டாவது கடிதத்தில் ஐந்து. அந்த ஐந்தாவது வரி இப்படி இருந்தது: "படகுகளுக்கான கடல் அறிக்கையைச் சிற்றலையில் வாசிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. காலை ஆறரை, மாலை ஐந்து." அதற்குக் கீழே அலைவரிசை எண்ணையும் எழுதியிருந்தார். ஏன் எழுதினார் என்று தெரியவில்லை. எண்களைப் பார்த்தால் குறித்துவைக்கும் பழக்கமாக இருக்கலாம்.

எண்ணம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "அத்தை, உங்க பிள்ளை ரேடியோல பேசறாராம்."

"யாரு, இவனா? பேசறானா?" மாமியார் காதில் விழுந்ததை நம்பவில்லை. "வேற யார் வீட்டுக் கடிதாசியாவது மாறி வந்திருக்கும். பாரு."

வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் உள்ளூர் நிலையம் மட்டும்தான் எடுக்கும், தூரத்திலிருந்து வரும் சிற்றலை எடுக்காது. மறுநாள் எண்ணம்மா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கடைக்குப் போனாள். அங்கே ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தான். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். ஈயப்பற்று வைக்கும் புகைக்கு நடுவிலேயே எப்போதும் இருப்பதால் எல்லோரும் அவனைப் புகை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிற்றலை இருக்கிற பெட்டி வாங்கினாலும் பிரயோஜனம் இல்லக்கா," என்றான். "அதுல பாட்டு, செய்தி வர்ற இடம் மட்டும்தான் இருக்கும். இந்த நம்பர் அதுக்கு நடுவுல எங்கயோ கிடக்கு. அப்படியே பிடிச்சாலும், படகுக்குப் பேசறவங்க அலையில பாதியை வெட்டிட்டுத்தான் அனுப்புவாங்க. சாதாரணப் பெட்டியில வாத்து கத்தற மாதிரி இருக்கும்."

"அப்ப கேக்கவே முடியாதா?"

"முடியும். நீங்களே ஒண்ணு கட்டினா முடியும்."

"நானா? நீங்க கட்டித் தர மாட்டீங்களா?"

அவன் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினான். வாய் திறந்து, குடல் வெளியே தெரிய நாற்பது பெட்டிகள் வரிசையில் நின்றன. "இதுங்க முடிஞ்சு உங்க முறை வர்றதுக்குள்ள அண்ணன் தீவுல இருந்து திரும்பி வந்துடுவாரு. இதுல முக்கால்வாசி வேலை காயில்தான்க்கா. இந்தத் தெருவுல உங்களைவிட நல்லா யாரு சுத்தப்போறா?"

ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் அவன் படம் போட்டுக் கொடுத்தான். இரண்டு டிரான்சிஸ்டர், கைக்கு அடங்கும் சில சில்லறைச் சாமான்கள், செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து கழற்றிய, நிலையம் தேடத் திருப்பும் சுழல் கண்டென்சர், தொலைபேசி நிலையத்தில் கழித்துப்போட்ட ஒரு ஹெட்போன். எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியின் குடலுக்குள் கையை விட்டான்.

மரப்பலகை ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டாள். காயிலைச் சுற்ற உருண்டையாக, விறைப்பாக ஏதாவது வேண்டும். வீடு முழுக்கத் தேடினாள். மாமியாரின் மாத்திரைப் புட்டிதான் பொருத்தமாக இருந்தது.

"அதைக் குடுத்துட்டு மாத்திரையை நான் எங்க வெச்சுக்கிறது? மடியிலயா?"

"வேற டப்பா தர்றேன் அத்தை."

"புட்டி மாறினா எது காலையில, எது ராத்திரின்னு எனக்குக் குழம்பிடும்." கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு அவரே மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, புட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். "அவன் குரலு இதுக்குள்ளயா வரும்?"

பதினெட்டுச் சுற்று. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு ஐந்து சுற்று. வந்த ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளேயே ஊட்டிப் பலப்படுத்துவது அந்த ஐந்து சுற்றின் வேலை என்று புகை சொல்லியிருந்தான். நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் சுற்றுகிறவளுக்கு இருபத்து மூன்று எம்மாத்திரம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பலகையில் ஆணி அடித்து, ஈயம் வைத்து முடித்துவிட்டாள். மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு மேலாக ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தாள். டார்ச் செல்களை மாட்டினாள். ஹெட்போனைக் காதில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை. இறந்துபோன மாதிரி அமைதி.

எல்லா ஈயப்பற்றையும் பிரித்துத் திரும்ப வைத்தாள். அடுத்த ஞாயிறும் போயிற்று.  

புதன்கிழமை கடையில் அவள் கட்டிக் கொடுத்த ஒரு மின்விசிறியை முதலாளி ஓட்டிப் பார்த்தார். "எண்ணம்மா, இது என்ன காத்தை மேல தள்ளுது? மனுஷன் கீழதானே உக்காந்திருக்கான்?"

விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நுனிகளையும் மாற்றி இணைத்திருந்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை, மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. வெட்கத்தோடு நுனிகளை மாற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அந்த ஐந்து சுற்று! அதையும் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறாள். ஊட்டுவதற்குப் பதிலாக அது தட்டிப் பறித்துக்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் இரண்டு நுனிகளை மாற்றினாள். காதில் 'ஊய்' என்று ஒரு விசில். அதற்குப் பின்னால் ஒரு தந்திச் சத்தம். அதற்கும் பின்னால் யாரோ ஒரு பெண் தெரியாத மொழியில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். எண்ணம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே இருவரும் பலகை முன்னால் இருந்தார்கள். ஆறரைக்கு ஒரு வாத்து கத்தியது. எண்ணம்மா குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். வாத்து கிழவனாயிற்று. இன்னும் ஒரு மயிரிழை. கிழவன் அவளுடைய கணவர் ஆனார்.

"...காற்று தென்மேற்கிலிருந்து மணிக்கு இருபது முதல் இருபத்தைந்து கிலோமீட்டர். அலை உயரம் ஒன்றரை மீட்டர். பார்வைத் தூரம் நன்று..."

ஏழு நிமிஷம். பதினான்கு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல ஏழு நிமிஷம் பேசி அவள் கேட்டதே இல்லை. அவருக்கு இவ்வளவு நல்ல குரல் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவசரப்படாத குரல். கேட்கிறவன் படகில் நின்றுகொண்டு ஈரக் கையால் எழுதிக்கொள்வான் என்று தெரிந்து பேசுகிற குரல்.

"குடும்மா, குடு, எனக்குக் குடு!" மாமியார் பாய்ந்து வந்தார். அவர் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், அவருடைய மகனின் குரல் கீச்சென்று மேலே போய்ச் சின்னப் பெண் குரலாகிவிட்டது. பின்னால் நகர்ந்தால் இறங்கியது. முன்னால் வந்தால் ஏறியது.

"என்னடி இது, என்னைப் பார்த்தா இவனுக்கு இன்னும் பயமா?"

எண்ணம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் காரணம் புகைக்குத் தெரிந்திருந்தது: ஆள் நெருங்கினால் உடம்பும் அந்த மின்சுற்றில் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கி முன்பக்கம் தகடாக நிறுத்தியதும் அது அடங்கியது. ஹெட்போனின் வளையத்தைக் கழற்றி, ஆளுக்கு ஒரு காது என்று பிரித்துக்கொண்டார்கள். கம்பி குட்டையாக இருந்ததால் இரண்டு தலைகளும் ஒட்டித்தான் இருக்க வேண்டும். மாமியாரின் நரைமுடி எண்ணம்மாவின் கன்னத்தில் உரசும். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவ்வளவு பக்கத்தில் இருவரும் உட்கார்ந்ததில்லை.

ஒரே குரலில் இருவரும் வேறு வேறு கேட்டார்கள்.

"சளி பிடிச்சிருக்கு," என்பார் மாமியார்.

"சந்தோஷமா இருக்காரு அத்தை. 'தெளிந்த வானம்'னு சொல்லும்போது கவனிச்சீங்களா?"

"மூக்கடைச்சிருக்குன்னு சொல்றேன். பெத்தவளுக்குத் தெரியாதா?"

வேலை நாட்களில் மாலை அறிக்கை நேரத்தில் எண்ணம்மா கடையில் இருப்பாள். ஞாயிறு மாலை ஐந்து மணி அறிக்கைக்கு மட்டும் ஒரு தொல்லை இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரரின் மோட்டார் மாட்டிய மெஷின் ஓடினால் காதுக்குள் கரகரவென்று மணலைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். எண்ணம்மா இறங்கிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பத்து நிமிஷம்தானே? நானும் முதுகை நிமித்திக்கிறேன்." அதன் பிறகு ஞாயிறு ஐந்தானால் மெஷின் தானாக நின்றுவிடும். ஐந்து பத்துக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வரும்: "இன்னிக்குக் கடல் எப்படிம்மா?"

"ரெண்டு மீட்டர் அண்ணா!"

"பலமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பார். அவர் கடலை நேரில் பார்த்ததே இல்லை.

ரேடியோவில் கேட்பதைப் பற்றிக் கணவருக்கு எழுத வேண்டாம் என்று எண்ணம்மா தீர்மானித்திருந்தாள். எழுதினால் மனிதர் கூச்சப்பட்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமியாரும் தலையாட்டினார். ஆனால் அடுத்த படகில் போன கடிதத்தின் உறைக்குள், எண்ணம்மாவுக்குத் தெரியாமல், ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகிவிட்டார்: "செவ்வாய்க்கிழமையில இருந்து உனக்குத் தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடி. காத்துல நிக்காதே."

அடுத்த கடிதம் ஒரே வரியில் வந்தது. "அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?"

எண்ணம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு மனசு கேக்கலை," என்றார் கடைசியில்.

வேறு வழியில்லாமல் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். பலகை, புட்டி, தகடு, ஆளுக்கொரு காது. அந்தக் கடிதம் தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, அவர் தென்மேற்கைத் தென்கிழக்கு என்று வாசித்துத் திருத்திக்கொண்டார். ஒரு எண்ணை இரண்டு தடவை சொன்னார்.  அறிக்கைக்கு வெளியே ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்பது சட்டம், அவர் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. ஒருவழியாக "அறிக்கை முடிந்தது" என்றார். வழக்கமாக அந்தச் சொல்லோடு டக்கென்று மைக்கில் அழுத்தியிருக்கும் பொத்தானை விட்டுவிடுவார். அன்றைக்கு விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் அவர் உட்கார்ந்திருந்த அறை கேட்டது. ஏதோ ஒரு கதவு காற்றில் லேசாக அடித்துக்கொண்டது. நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூச்சு விட்டார். பிறகுதான் டக்.

மறுநாளும் மூன்று விநாடி. அதற்கு மறுநாளும். எண்ணம்மா மாமியாரிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரும் அந்த மூன்று விநாடி மட்டும் தன் பக்கத்துக் காதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், ஏதோ காது அரிக்கிற மாதிரி.

பத்தாம் மாதத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தையல்காரரும் எண்ணம்மாவும் அவரை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆபரேஷன் ஆயிற்று. ஆறு வாரம் படுக்கை என்றார்கள்.

வலி கொஞ்சம் குறைந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம்: "அவனுக்குச் சொல்லாதே."

"எப்படி அத்தை சொல்லாம இருக்கறது?"

"சொன்னா அவன் குரல் உடைஞ்சு போயிடும். எத்தனை படகு அவன் சொல்றதை நம்பிப் போகுது. ஒரு நம்பர் மாறிப்போச்சுன்னா? வேண்டாம். சத்தியம் பண்ணு."

எண்ணம்மா சத்தியம் பண்ணவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தாள். தனக்கு ஏதாவது ஆகிக் கணவருக்குச் சொல்லாமல் மறைத்தால்? அவருக்கு ஏதாவது ஆகித் தனக்கு மறைத்தால்? மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக வானிலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி காகிதத்தை எடுத்து, சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார். "அம்மா விழுந்துட்டாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆபத்து இல்ல. நான் கூட இருக்கேன், ரேடியோவும் இருக்கும்." மத்தியானத் தகவலோடு தீவுக்குப் போகும் என்றார்.

மாலையில் பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் வழிமறித்தாள். "என்னக்கா இது, கம்பியும் தகடுமா? வெடிக்குமா?"

"ரேடியோம்மா."

"இதுவா?"

எண்ணம்மா கதையைச் சொன்னாள். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னல் ஓரத்துக் கட்டிலுக்கு மாமியாரை மாற்றினாள். மறுநாள் காலை, ஏரியல் கம்பியை வெளியே இருந்த மரக்கிளையில் எறிந்து மாட்டியதும் அவள்தான். இரண்டாவது எறிதலிலேயே மாட்டிவிட்டாள்.

ஆறரை மணி. தீவுக்குத் தகவல் போன விஷயம் மாமியாருக்கு இன்னும் தெரியாது. எண்ணம்மா குமிழைத் திருப்பினாள். கணவர் ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. திசை, வேகம், அலை உயரம், எல்லாம் வழக்கம்போல நிதானமாக. ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஏழு நிமிஷம் முடிந்தது.

"ஒலித்தெளிவு குறைவாக இருக்கக்கூடும் என்பதால்," என்றார், "அறிக்கை மறுமுறை வாசிக்கப்படுகிறது."

அப்படி வாசிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதுவரை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. அன்று காலை ஒலி கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, படுத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பாதியில் அவருக்குப் புரிந்துவிட்டது. கை நீண்டு வந்து எண்ணம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தை. மன்னிச்சிருங்க."

மாமியார் கையை எடுக்கவில்லை. கண்ணின் ஓரத்திலிருந்து இறங்கிய நீர் காதுக்குள் போனது, ஹெட்போன் நனைந்தது. "உடையலையே," என்றார். "பாரு, என் பிள்ளை உடையவே இல்ல." கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உனக்கு மூணு விநாடி. எனக்கு ஏழு நிமிஷம். தெரிஞ்சுக்கோ," என்றார்.

ஆறு வாரமும் காலை அறிக்கையைக் கணவர் இரண்டு தடவை வாசித்தார். ஏழாவது வாரம் மாமியார் வீடு திரும்பிய செய்தி தீவுக்குப் போனதும் ஒருமுறையாகச் சுருக்கினார். மறு மாதமே மீனவர் சங்கத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது: முதல் தடவை விட்டதை இரண்டாம் தடவை பிடித்து எழுதிக்கொள்ள வசதியாக இருந்தது, மறுபடியும் அப்படியே செய்யவும். அலுவலகம் அதை உத்தரவாகவே போட்டது. அந்த நிலையத்தில் இப்போதும் காலை அறிக்கை இரண்டு முறை வாசிக்கப்படுகிறது. வாசிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது.

பதினெட்டு மாதம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது மாமியார் கைத்தடியோடு கதவுவரை நடந்துபோய்த் திறந்தார். அவர் அம்மாவின் காலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், பிறகு குனிந்து அம்மாவின் செருப்பு வாரை இறுக்கிக் கட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி நர்ஸ் கடைக்கு வந்து நின்றாள். எண்ணம்மா நூற்று அறுபதில் இருந்ததால், முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"அக்கா, என் தம்பி சரக்குக் கப்பல்ல இருக்கான். அவங்க கப்பலுக்குக் கப்பல் பேசிப்பாங்களாம். எனக்கும் ஒண்ணு கட்டித் தருவீங்களா?"

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இந்த முறை ஐந்து சுற்றின் நுனிகளை முதலிலேயே சரியாக மாட்டினாள். நர்ஸின் வீட்டுக் கூரைமேல் அவள் கம்பி கட்ட, கணவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் பேசுவான் என்பதைக் கப்பல் கம்பெனியில் விசாரித்து எழுதி வைத்திருந்தாள் நர்ஸ்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் கிடைத்தான். வேறொரு கப்பலில் இருந்த நண்பனோடு பேசிக்கொண்டிருந்தான். நர்ஸ் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது.

"என்னம்மா, என்ன சொல்றான்?" என்றாள் எண்ணம்மா பதறி.

"என்னைத்தான்க்கா திட்டிட்டு இருக்கான்! அக்கான்னு ஒருத்தி இருக்கா, ரெண்டு மாசமா ஒரு கடுதாசி போடலை, ஆஸ்பத்திரியில ஊருக்கெல்லாம் ஊசி போடறா, தம்பி உயிரோட இருக்கானான்னு கேக்க நேரமில்லைன்னு... நான் ஒட்டுக் கேக்கறேன்னு தெரியாம எப்படிப் பேசறான் பாருங்க!" கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய அவள் ஹெட்போனைக் கழற்றாமலே கையை நீட்டினாள். "அக்கா, அந்த மேசைமேல பேனா இருக்கும், எடுங்க. காகிதமும்."

எண்ணம்மா எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காதில் தம்பியின் வசவு ஓடிக்கொண்டிருக்க, அவனுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.